மொட்டை மாடி நாடாளுமன்றமும் பித்தளைக் குழாய்களும்

படிக்கட்டில் யாரோ பான் எச்சில் துப்பியதற்காக ஒரு நாடாளுமன்றத்தையே கூட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு மேல் வீட்டுக்காரராக வாய்த்தது என் ஜாதக விசேஷம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, வாசலில் பெயர்ப்பலகைகூட இருந்தது. ஆனால் பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘ஸ்பீக்கர்’தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான கையோடு நான் புனே வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரருக்கு போசரியில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, லிஃப்ட் இல்லாத நாலு மாடி சொசைட்டி ஒன்றில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். மராத்திக்காரர்கள் பாதி, மீதியில் தமிழும் மலையாளமும் பஞ்சாபியும். வந்த மறுநாளே மதியம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மே மாத வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டோடு ஒரு நெட்டை மனிதர் நின்றார். கையில் பூரிக்கட்டை.

“மாண்புமிகு உறுப்பினரின் துணைவியார் தாங்கள்தானா?”

“எந்த உறுப்பினரு?” என்றேன், கதவைப் பாதி சாத்திக்கொண்டே.

“தங்கள் கணவர் தொடர்பாக நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒன்று நிலுவையில் உள்ளது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கிடந்த வாழைப்பழத் தோல் சம்பந்தமாக. ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் அவர் அவைக்கு விளக்கம் தர வேண்டும்.”

மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று விசாரித்துத்தானே எங்கப்பா கட்டிக்கொடுத்தார்! சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

“உங்க மேல ஏதோ கேஸ் இருக்காமே? ஒருத்தர் கட்டையோட வந்து சொல்லிட்டுப் போறாரு!”

“ஓ, நம்ம ஸ்பீக்கரா? அவர் தங்கமான மனுஷன், பயப்படாத.”

“அப்போ வாழைப்பழத் தோலு?”

“நான் போடலடி. அதைப் பார்லிமெண்ட்ல சொல்லிக்கிறேன்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மேல் வீட்டுக்காரருக்குத்தான் மூளை கலங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கட்டிக்கொண்டவருக்கும் அதே கதிதான் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை வாயைவிட்டுக் கேட்டேன். “சபாநாயகர் எந்தப் பக்கமும் சாயக் கூடாதம்மா” என்றார். தூர்தர்ஷனில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊரே கிரிக்கெட் பார்த்துக் கைதட்டும்போது இவர் கேள்வி நேரம் பார்த்துக் கைதட்டுவார். தட்டில் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு, டிவியில் எழுந்து கத்துபவர்களைப் பார்த்து, “பைட் ஜாயியே! உட்காருங்கள்!” என்று இவர் போடும் சத்தம் கீழே எங்கள் வீட்டுக் குக்கர் விசிலை அமுக்கிவிடும்.

ஒருநாள் அவர் வாசல் மிதியடியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நேரே போலீஸ் சௌக்கிக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். அங்கிருந்த ஹவல்தார் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் எங்கள் நாடாளுமன்றம்.

“கொலைக்கும் கொள்ளைக்கும் கோர்ட் இருக்கிறது அம்மா. மிதியடித் திருட்டுக்கு யார் இருக்கிறார்கள்? ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறான், பால் பாக்கெட்டை எடுக்கிறான், மணியை அடித்துவிட்டு ஓடுகிறான். சின்னத் தப்புத்தானே என்று விட்டால் அது வளர்ந்து பெரிய தப்பாக வந்து நிற்கும். பேச வேண்டும். விவாதிக்க வேண்டும்” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சபை கூடும். சொந்த வீட்டுக்காரர்கள் வலப்பக்கம், அதாவது ஆளுங்கட்சி. எங்களைப் போல வாடகைக்காரர்கள் இடப்பக்கம், எதிர்க்கட்சி. ஆளுங்கட்சித் தலைவர் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். லோஹேகாவ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு வாங்கி வந்த நாகர்கோவில்காரர், எங்களுக்கு அண்ணாச்சி. எதிர்க்கட்சித் தலைவி கோட்போலே காக்கூ. காக்கூ என்றால் மராத்தியில் சித்தி மாதிரி. ஆனால் அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் எந்தச் சொந்தமும் தாங்காது. சபை நடப்பது இந்தியில். கோபம் வந்தால் அவரவர் தாய்மொழி. சபை முடிந்ததும் ஸ்பீக்கர் செலவில் டீயும், பாக்கர்வடி என்ற மொறுமொறு காரச் சுருளும். அந்தப் பாக்கர்வடிக்காகத்தான் பாதிப் பேர் ஜனநாயகத்தைக் காப்பாற்ற வந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நான் முதன்முதலில் போன அன்று பான் எச்சில் விவாதம். படிக்கட்டு மூலையில் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினால் எவனும் துப்ப மாட்டான் என்று காக்கூ தீர்மானம் கொண்டுவந்தார். நல்ல யோசனைதானே? எந்தச் சாமி என்று வந்ததும் சபை இரண்டுபட்டது. காக்கூ விட்டலரைச் சொன்னார். நான் பொறுக்க மாட்டாமல், “முருகன் வேணும்” என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி எழுந்து, “அப்பம் எங்க வேளாங்கண்ணி மாதா என்ன பாவம் செஞ்சா?” என்று கேட்டார். சர்தார்ஜி ஒருவர் குருநானக் படத்தை எச்சில் துப்பும் இடத்தில் வைப்பதே அவமானம் என்று கொதித்தார். ஸ்பீக்கர் பூரிக்கட்டையால் முக்காலியைத் தட்டித் தட்டி முக்காலியின் ஒரு காலே ஆடிப்போனது.

“வெளிநடப்புச் செய்கிறோம்!” என்று காக்கூ எழுந்தார். எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்தது. மாடிக்கு ஒரே கதவு. அது ஆளுங்கட்சிப் பக்கம் இருந்தது. அவர்களைத் தாண்டிப் போனால் தோற்ற மாதிரி ஆகிவிடுமாம். அதனால் எல்லோரும் தொட்டிக்குப் பின்னால் போய் வெயிலில் நின்றுகொண்டோம். அங்கிருந்தே காக்கூ ‘ஷேம் ஷேம்’ என்று கத்தினார்.

“வெளிநடப்புச் செய்த உறுப்பினர்கள் தொட்டிக்குப் பின்னாலிருந்து பேசியது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது!” என்று அறிவித்தார் ஸ்பீக்கர். குறிப்பு எடுக்க அங்கே ஆளே கிடையாது என்பதைக் கவனித்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள், இத்தனை பேர் வெயிலில் நின்று இப்படி ஆடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் எல்லாச் சாமியும் ஒட்டுவதென்று முடிவானது. ஒவ்வொரு திருப்பத்திலும் சர்வமதப் பிரார்த்தனைக் கூட்டம்தான். அடுத்த வாரம் முதல் எச்சில் துப்புகிறவன் சாமி இல்லாத ஒரே இடமாகப் பார்த்துத் துப்பினான். அது ஸ்பீக்கரின் வீட்டு வாசல். சபாநாயகர் பதவிக்கே அவமதிப்பு என்று அதற்கு ஒரு உரிமைப் பிரச்சினை எழுந்து, மேலும் இரண்டு ஞாயிறு ஓடியது.

அப்புறம் செருப்புத் திருட்டு. அதற்கு அண்ணாச்சி தலைமையில் தேர்வுக் குழு போட்டார் ஸ்பீக்கர். புனேயில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை பூலோகமே தூங்கும். கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவான். தெருநாய்கூடக் குரைக்காது. திருடன் அந்த நேரத்தில்தான் வருகிறான் என்று அண்ணாச்சி கண்டுபிடித்தார். குழு முழுவதும் மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்து மறைந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரரும் ஒரு உறுப்பினர்.

நாலு மணிக்கு நான் பால் வாங்க இறங்கினேன். மாடிப்படிக்கு அடியிலிருந்து குறட்டைச் சத்தம். எட்டிப் பார்த்தால் தேர்வுக் குழு மொத்தமும் மல்லாந்து கிடக்கிறது. வாசலில் அவர்கள் விட்டிருந்த செருப்பு ஒன்றைக்கூடக் காணோம்.

“ஐயையோ! எழுந்திரிங்க! எல்லாச் செருப்பும் போச்சு!” என்று அலறினேன்.

அண்ணாச்சி கண்ணைக் கசக்கிக்கொண்டே, “எம்மா, சத்தம் போடாதீங்கோ, கள்ளன் ஓடிருவான்” என்றார். பாகிஸ்தான் எல்லையில் விமானத் தளம் காத்தவர் பேசுகிற பேச்சா இது? தேசம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

கிறுக்குத்தனமாக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரின் நாடாளுமன்றத்துக்குப் பலன் இருந்தது. வாராவாரம் ஊர் கூடி மானத்தை வாங்கினால் எவன்தான் துப்புவான்? மணியடித்து ஓடுகிற பையன்களை நிற்கவைத்துத் ‘துணை மந்திரி’ ஆக்கினார், அதோடு அந்தத் தொல்லை நின்றது. பால் பாக்கெட் திருடியது ஒரு பூனை என்று நிரூபணமானது. அக்கம்பக்கத்து சொசைட்டிக்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

பிரச்சினை குறைந்தது. கூடவே கூட்டமும் குறைந்தது. பேச ஒன்றும் இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? பாக்கர்வடிகூட எடுபடவில்லை. ஒரு ஞாயிறு நான் வடாம் காயப்போட மேலே போனேன். ஸ்பீக்கர் கறுப்புக் கோட்டோடு முக்காலிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே விரித்த ஜமக்காளத்தில் ஒரு ஆளும் இல்லை. காற்றில் அதன் ஓரம் தூக்கித் தூக்கி அடித்தது.

“வாருங்கள் மாண்புமிகு உறுப்பினரே!” என்று முகமெல்லாம் மலர எழுந்தார். “கேள்வி ஏதாவது உண்டா?”

“இல்ல சார். வடாம் போட வந்தேன்.”

“புகார்? கவன ஈர்ப்பு? வாசலில் ஏதாவது காணாமல் போனதா?”

“ஒண்ணும் இல்ல சார். உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்கோம்” என்றேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து.

அந்த முகம் வாடிய வாட்டத்தைப் பார்க்க வேண்டுமே! நல்லா இருக்கிறோம் என்று சொன்னதற்கு ஒரு மனிதர் இப்படிக் கலங்குவதை நான் பார்த்ததே இல்லை. பூரிக்கட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் செருகினார். “அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது” என்று வடாத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் பித்தளைக் குழாய்கள் போக ஆரம்பித்தன.

மொட்டை மாடித் தொட்டியின் அடியில் துணி துவைக்க, பாத்திரம் கழுவ என்று வரிசையாகக் கனமான பித்தளைக் குழாய்கள் இருந்தன. ஒரு நாள் காலையில் முதல் குழாயைக் காணோம். நாலு நாள் கழித்து இரண்டாவது. அடுத்த வாரம் மூன்றாவது. ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொரு ஓட்டையிலும் துணி சுற்றிய மரத்தக்கை இறுக்கி அடித்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை.

“இவ்வளவு பொறுப்பான திருடனை நான் பார்த்ததே இல்ல” என்றார் என் வீட்டுக்காரர், தக்கையைத் தட்டிப் பார்த்து.

ஞாயிறு சபை நிரம்பி வழிந்தது. இடம் இல்லாமல் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். காக்கூ பொங்கினார், அண்ணாச்சி பதிலுக்குப் பொங்கினார், இரண்டு வெளிநடப்பு நடந்தது. ஸ்பீக்கருக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. “ஷாந்த் ரஹியே! அமைதி காக்கவும்!” என்று அவர் கட்டையைத் தட்டிய தட்டில் பக்கத்துக் கட்டடத்துப் புறாவெல்லாம் பறந்தது.

ஆனால் நாலாவது குழாயும் போனபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ராத்திரியில் மாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு. அதற்கு இரண்டு சாவிதான். ஒன்று சபாநாயகர் என்ற முறையில் ஸ்பீக்கரிடம். இன்னொன்று வாட்ச்மேன் தத்தாவிடம்.

ஸ்பீக்கரை யார் சந்தேகப்படுவார்கள்? எல்லாக் கண்ணும் தத்தா பக்கம் போனது.

தத்தா மராட்வாடாவில் மழை பொய்த்த ஊரிலிருந்து வந்தவன். அதிர்ந்து பேசத் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் நிறைந்துபோகிற அறை. அதில் அவனும் அவன் பெண்டாட்டி மங்களும் குடியிருந்தார்கள். மங்கள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பாஷை சரியாக வராத எனக்கு அந்த ஊரில் முதல் சிநேகிதி அவள்தான். தத்தாவை வேலையை விட்டு நீக்க வேண்டும், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணாச்சி தீர்மானம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் மங்கள் எங்கள் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

“வஹினி,” என்றாள். அண்ணி என்று அர்த்தம். “சௌக்கிக்குக் கூட்டிட்டுப் போனா அடிப்பாங்க வஹினி. அடிச்சா இவரு பயந்துபோய் எடுத்தேன்னு ஒத்துக்குவாரு. அப்புறம் யாரு வேலை குடுப்பா? ஊருக்குப் போனா அங்க குடிக்கத் தண்ணிகூட இல்ல.”

சோப்புக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் விளையாட்டாகப் பார்த்த கூத்து, ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“ஸ்பீக்கர் இருக்காருல்ல. விட மாட்டாரு” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அந்த ஞாயிறு பாக்கர்வடியை யாரும் தொடவில்லை. துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் தத்தாவை நிற்கவைத்தார்கள். உறுப்பினர் அல்லாதவர் அந்தக் கொடியைத் தாண்டி வரக் கூடாது என்பது சபை விதி. யாருடைய பாவாடையோ அவன் தோளில் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. ஸ்பீக்கர் வழக்கம்போலத் தட்டவில்லை. கட்டையைக் கையில் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி பேசினார். “நாலு கொழாய் போயிருக்கு. சாவி இவன் கையில இருக்கு. இதுக்கு மேல என்னத்தவே விசாரிக்க?” காக்கூ எழுந்து, “சாவி இருந்தா திருடனா? உங்க வீட்டுக் கத்தி உங்ககிட்டதான இருக்கு, நீங்க கொலைகாரரா?” என்று கிழித்தார். வாக்குவாதம் முற்றியது. “அவன் வாயாலயே கேப்போம்” என்றது கூட்டம்.

தத்தா கையைக் கூப்பினான். “சாஹேப், நான் எடுக்கல. ஆனா காவலுக்கு இருந்தும் திருடனப் பிடிக்க முடியல. அது என் தப்புதான். எவ்வளவு வேணா திட்டுங்க. போலீஸ் மட்டும் வேணாம்.”

கை தூக்கச் சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் காக்கூ பக்கம் தூக்கினோம். எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சரிசமம்.

இப்போது ஸ்பீக்கர் ஓட்டுப் போட வேண்டும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமமாக வந்தால் சபாநாயகரின் ஓட்டு, ‘உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்’ என்றுதான் விழ வேண்டும் என்று அவரே எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். தத்தா தப்பித்தான் என்று கூட்டத்தின் பின்னால் நின்ற மங்களுக்கு ஜாடை காட்டினேன்.

ஸ்பீக்கர் எழுந்தார். முக்காலியைவிட்டு விலகி, நடந்து வந்து, எங்கள் எல்லோரோடும் ஜமக்காளத்தில் நின்றார்.

“வாக்களிக்கும் முன் ஒரு தன்னிலை விளக்கம்” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. “அந்த நாலு குழாயையும் எடுத்தது நான்.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் படியிறங்கி வீட்டுக்குப் போய் ஒரு ஏர் பேக்கோடு திரும்பி வரும்வரை யாரும் நம்பவில்லை. பையைக் கவிழ்த்தார். நாலு குழாயும் ஜமக்காளத்தில் உருண்டன. புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி மினுக்கி வைத்திருந்தார். காக்கூ, “அரே தேவா!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடவுளே வந்து நான்தான் மிதியடி திருடினேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

“ஏன் சார்?” என்று கத்தியது நான்தான். “ஏன் சார் இப்படிப் பண்ணுனீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் முதல்முறையாக ‘மாண்புமிகு’ இல்லாமல், சாதாரணத் தமிழில், எங்க ஊர்ப் பெரியவர் மாதிரி பேசினார்.

“யாரும் வரலைம்மா. பேசறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இது ஒண்ணுதான். ஏதாவது காணாமப் போனா எல்லாரும் வருவீங்கன்னு நெனச்சேன். திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன். இது இவன் தலையில வந்து விடியும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“சும்மா ஓட்டப் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே ஸார்!” என்றார் அண்ணாச்சி. “ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காதே!”

“ஓட்டுப் போட்டா அவன் வேலை நிக்கும். பேரு நிக்காது. திருடன்னு பாதிப் பேர் கை தூக்கியாச்சே.” தத்தாவைப் பார்த்துக் கை கூப்பினார். “என்னை மன்னிச்சிடுப்பா.”

மங்கள் பேசினாள். துணிக்கொடியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, உறுப்பினர் இல்லாத அவள், சபை நடுவில் வந்து நின்றாள். “நாலு நாளா இந்த மனுஷன் சோறு திங்கல! உங்களுக்கு விளையாட, பேச, எங்க வயிறா கெடச்சுது?” என்று மராத்தியில் அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவளைத் தடுக்க ஒருவரும் எழவில்லை. ஸ்பீக்கர் குனிந்த தலை நிமிராமல் அத்தனையும் கேட்டுக்கொண்டார். அவள் முடித்ததும் பூரிக்கட்டையை முக்காலிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மாடிப்படியில் அவர் காலடிச் சத்தமே இல்லை. பால் வாங்க விடிவதற்குள் இறங்கி, யார் கண்ணிலும் படாமல் ஏறிவிடுவார். டிவியில் கேள்வி நேரம் ஓடினால், “பைட் ஜாயியே” கேட்காது. மேலே கூடத்தில் ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. குழாய்களை என் வீட்டுக்காரர் திரும்ப மாட்டினார். லேசில் யாரையும் விசாரிக்காத அண்ணாச்சி, “பிரம்மச்சாரி மனுஷன், என்னத்தத் திங்காரோ?” என்று தினமும் எங்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு ஸ்பீக்கர்மேல் கோபமும் போகவில்லை, பாவமும் போகவில்லை. சாம்பார் கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார். வாசலில் வைத்துவிட்டு வந்தால், மறுநாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து எங்கள் வாசலில் இருக்கும்.

மழை ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. மாடியில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கர் வீட்டு வாசலில் தத்தா நின்றுகொண்டிருந்தான். யூனிஃபார்ம் போட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விறைப்பாக நின்றான். இத்தனை நாள் அடக்கிவைத்ததை இன்றைக்குக் கேட்கப் போகிறான் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட வாயெடுத்தேன்.

தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது.

“ஸ்பீக்கர் சாஹேப்,” என்றான் தத்தா. “என் தடியக் காணோம். ராத்திரி ரவுண்ட்ஸ் போற தடி. கேட்டுப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்தேன், யாரோ தூக்கிட்டாங்க. சௌக்கியில சொன்னா சிரிப்பாங்க. நீங்கதான் சபையக் கூட்டணும்.”

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

“நானா?” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“வேற யாரு இருக்கா சாஹேப்? சின்னத் தப்ப விட்டா பெருசாயிடும்ல?”

கதவு மூடிக்கொண்டது. தத்தா அங்கேயே நின்றான். உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி கதவு திறந்தபோது, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு வெளியே வந்தது. ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்து மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

“பத்து மணிக்கு அவை கூடும்” என்றார் தத்தாவிடம். “உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்லவும்.”

தத்தா ஒரு சல்யூட் அடித்துவிட்டு, மாடி மாடியாகக் கதவைத் தட்டிக்கொண்டே இறங்கினான். எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் காக்கூ மேலேறி வந்துகொண்டிருந்தார். “வாட்ச்மேன் தடியையே திருடறாங்கன்னா இந்த ஆளுங்கட்சி எதுக்கு?” என்ற அவர் முழக்கம் கட்டடமெல்லாம் கேட்டது.

நான் உள்ளே வந்து கைப்பிடி வடாத்தைப் பொரித்து ஒரு தட்டில் எடுத்துவைத்தேன். பிறகு படுக்கையறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். விடியற்காலையில், ஏன் என்று சொல்லாமல், தத்தா எங்களிடம் கொண்டுவந்து கொடுத்த தடி கட்டிலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, சபைக்கு நேரமாகிவிட்டதே என்று படியேறினேன்.